குளிர் நாட்டில் தேகப்பயிற்சி: உள்ளாடைக்கு எந்த நூல்?

திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இராயபுரத்திலும் வாழ்கிற நமக்குக் குளிர்கால உள்ளாடையைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று அங்கத்தினர்களுட் பலர் வியக்கக்கூடும். அந்த வியப்பு நியாயமானதே. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையிலும் நமது கடற்கரையில் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செண்டிகிரேடை ஒட்டியே நிற்கிறது. சென்னை நகரத்தின் நீண்ட வானிலைக் கணக்கில் மிகக் குறைந்த வெப்பநிலையாகப் பதிவாகியிருப்பது 13.9 டிகிரிதான். அது 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும் நேர்ந்தது. நமது வீடுகளில் கம்பளியென்று ஒன்று இருந்தால், அது பரண்மேல்தான் இருக்கும்.

ஆனால் நமது பிள்ளைகள் இப்பொழுது ஊரோடு நிற்பதில்லை. வடசென்னையின் குத்துச்சண்டைக் கூடங்களிலும் கால்பந்து மைதானங்களிலும் பயின்றவர்கள் போட்டிகளுக்கும் பயிற்சி முகாம்களுக்கும் வடக்கே போகிறார்கள். பஞ்சாபில் பாட்டியாலா நகரத்தில் 1961 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசிய விளையாட்டு நிறுவனம் அத்தகைய இடங்களுள் ஒன்று. அங்கே ஜனவரி மாதத்து விடியலில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும், மூடுபனி வேறு. இராணுவத்திற் சேர்ந்து வடக்கே பயிற்சிக்குப் போகும் இளைஞர்களும், விடுமுறையில் இமயமலைப் பாதைகளில் நடக்கப் போகும் மாணவ மாணவியரும் ஆண்டுதோறும் பெருகிவருகின்றனர். 2023 மே மாதத்தில் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் சிகரத்தை அடைந்து, அவ்வாறு செய்த தமிழ்நாட்டுப் பெண்களுள் முதல்வர் ஆனார். அதன் பிறகு மலையேற்றம் என்ற சொல் நமது பெண் பிள்ளைகளின் வாயிலும் சரளமாக வருகிறது.

இவர்களை வழியனுப்பும் பெற்றோர் என்ன வாங்கிக் கொடுக்கிறார்கள்? கடைத்தெருவில் கிடைக்கிற தடித்த பருத்திப் பனியன் இரண்டு, அல்லது 'தெர்மல்' என்று அச்சடித்த பெட்டியில் வரும் உள்ளாடை ஒரு ஜோடி. தடிமனாக இருந்தால் குளிர் தாங்கும் என்பது அவர்களுடைய எண்ணம். நெசவும் நூலும் அறிந்த நாம் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. குளிரில் ஓடுகிறவனுக்கும் மலையேறுகிறவனுக்கும் உடம்போடு ஒட்டியிருக்கும் முதல் ஆடை பருத்தியாக இருக்கலாகாது. பருத்தியை விளைவிப்பவர்களும் பருத்தியை நெய்பவர்களும் அங்கத்தினராக உள்ள ஒரு சங்கத்தின் பத்திரிகையில் இவ்வாறு எழுதுவது சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். ஆயினும் துணியின் குணத்தைத் துணிக்காரர்களே மறைத்தால், வேறு யார் எடுத்துச் சொல்வார்கள்?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்வோம். எந்த உள்ளாடையும் உஷ்ணத்தை உண்டாக்குவதில்லை. உஷ்ணத்தை உண்டாக்குவது சரீரமே. வாளாவிருக்கும் ஒரு மனிதனுடைய உடம்பு, பழைய 100 வாட் மின்விளக்கு வெளியிடும் அளவுக்கு உஷ்ணத்தை ஓயாது வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. அவன் வேகமாக ஓடத் தொடங்கினால் அது ஏறக்குறைய பத்து மடங்காக உயர்கிறது. உண்ட உணவின் சக்தியில் நாலில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டமாக மாறுவதில்லை, எஞ்சியதெல்லாம் உஷ்ணமே. ஆதலால் பனி பொழியும் காலையிலும் ஓடுகிறவனுக்கு வேர்க்கும். வேர்வை ஆவியாகும்போது உஷ்ணத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் வேர்வை முழுவதும் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கிலோகலோரி உஷ்ணம் தேவை. எண்ணூரின் வெயிலில் வேலை செய்கிறவனை இந்த ஏற்பாடுதான் காப்பாற்றுகிறது.

குளிர் நாட்டில் அபாயம் ஓட்டத்தின்போது வருவதில்லை. ஓட்டம் நின்றவுடன் வருகிறது. குத்துச்சண்டை பழகும் ஓர் இளைஞன் விடியலில் எட்டுக் கிலோமீட்டர் ஓடிவிட்டு, பயிற்சியாளர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பதினைந்து நிமிஷம் திறந்தவெளியில் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய உடம்பு உண்டாக்கும் உஷ்ணம் சில நிமிஷங்களிற் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஆனால் அவனுடைய பனியனிலே தேங்கிய வேர்வை ஆவியாவதை நிறுத்திக்கொள்ளுமா? அது தன் பாட்டுக்கு உஷ்ணத்தைக் கவர்ந்துகொண்டேயிருக்கும். மேலும், அசையாத காற்றைக் காட்டிலும் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உஷ்ணத்தைக் கடத்தும். உலர்ந்த ஆடையின் இழைகளுக்கிடையே காற்று நின்று காவல் காக்கிறது. அதே ஆடை நனைந்தால், காற்று நின்ற இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துவிடுகிறது. எனவே உள்ளாடையின் முதற்கடமை தோலை ஈரமின்றி வைத்திருப்பதுதான். வெதுவெதுப்பாக வைத்திருக்கும் வேலையை அதன்மேல் அணியும் ஆடைகள் பார்த்துக்கொள்ளும்.

இனி நூலுக்கு வருவோம். இதில் நமது நெசவாளருக்கு யாரும் பாடம் சொல்லவேண்டியதில்லை. மழைக்காலத்தில் நிறுத்து வாங்கிய நூல், பங்குனி வெயிலில் நிறுத்தால் எடை குறைகிறது. வறண்ட மேல்காற்று வீசும் நாளில் பாவு இழைகள் படபடவென்று அறுகின்றன. குழித்தறியின் பள்ளத்து ஈரம் பாவுக்கு நல்லது என்பதும் பெரியவர்கள் கண்டறிந்ததே. இவை அனைத்துக்கும் காரணம் ஒன்று: பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை உட்கொள்கிறது, ஈரம் ஏற ஏற அதன் வலிமையும் கூடுகிறது. முற்றிலும் உலர்ந்த 100 கிலோ பருத்தி நூலை நடுத்தரமான ஈரப்பதமுள்ள காற்றில் வைத்தால், அது சுமார் எட்டரைக் கிலோ தண்ணீரை உட்கொள்ளும் என்று நூல் வணிகத்திற் கணக்கிடுகின்றனர். இதே முறையில் பட்டுக்கு 11 கிலோ. கம்பளிக்கு 16 கிலோவும் அதற்கு மேலும். நைலானுக்கு நாலு கிலோவை ஒட்டி. பாலியஸ்டருக்கோ அரைக் கிலோவும் இல்லை.

இந்தக் கணக்கைப் பார்த்தவுடன், கம்பளி அல்லவா பருத்தியைவிட அதிகமாக ஈரம் குடிக்கிறது, அது எப்படிக் குளிருக்கு ஏற்றதாகும் என்ற கேள்வி எழும். மிக நல்ல கேள்வி. விடை இழையின் அமைப்பில் இருக்கிறது. பருத்தி இழை நனைந்தவுடன் துவண்டு படிந்துவிடுகிறது. துணி தோலோடு ஒட்டிக்கொள்கிறது. இழைகளுக்கிடையே இருந்த காற்று வெளியேறிவிடுகிறது. கம்பளி இழையோ இயற்கையிலேயே சுருள் சுருளானது. நனைந்தாலும் அந்தச் சுருள் பெருமளவுக்கு நிலைத்து நிற்கிறது. அதன் வெளிப்புறம் மெழுகுபோன்ற ஒரு பூச்சினால் தண்ணீர்த் துளியை விலக்குகிறது. ஆவியான ஈரம் மட்டும் உள்ளே புகுந்து இழையின் நடுவிலே தங்குகிறது. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உட்கொண்ட பின்னரும் கம்பளி கைக்கு ஈரமாகத் தோன்றாமைக்குக் காரணம் இதுவே. இதைவிட விந்தை ஒன்றும் உண்டு. ஈரத்தை உட்கொள்ளும்போது கம்பளி சிறிதளவு உஷ்ணத்தை வெளியிடுகிறது. அது பெரிய அளவு அன்று. ஆயினும் ஓட்டம் நின்ற அந்தப் பதினைந்து நிமிஷத்தில் அது வேண்டியதுதான்.

பருத்தி உடையோடு குளிர்மலைக்குப் போவது எவ்வளவு கொடிய விளைவைத் தரும் என்பதை நமது நாடு 1962 ஆம் ஆண்டில் அறிந்தது. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், வடகிழக்கு எல்லையில் நம்கா சூ ஆற்றங்கரைக்கு விரைந்து அனுப்பப்பட்ட நமது போர்வீரர்களிற் பெரும்பாலோர் கோடைக்குரிய பருத்திச் சீருடையோடும் கான்வாஸ் காலணியோடும் அங்கே நின்றனர். போர் தொடங்குமுன்னரே குளிரும் உயரமும் பலரை வீழ்த்தின. போரின் ஏனைய காரணங்களை ஆராய்வது நமது வேலையன்று. ஆனால் துணியைத் தொழிலாகக் கொண்ட நாம் அந்தப் பருத்திச் சீருடையை மறந்துவிடக்கூடாது.

ஆகையால் உள்ளாடைக்கு முதல் இடம் மெல்லிய கம்பளிக்கே உரியது. 'மெல்லிய' என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறோம். கம்பளி என்றவுடன் நம்மவர்களுக்கு அரிப்புத்தான் நினைவுக்கு வரும். முப்பது மைக்ரானுக்கு மேற்பட்ட பருமனுள்ள இழை முனைகள் தோலைக் குத்துவதே அந்த அரிப்புக்குக் காரணம். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெரினோ என்னும் ஆட்டினத்தின் கம்பளியில் இழைகள் 20 மைக்ரானுக்கும் கீழே இருப்பதுண்டு. அத்தகைய கம்பளியிற் பின்னிய பனியனை வெறும் உடம்பில் நாள் முழுதும் அணிந்திருக்கலாம்.

ஆடு வளர்க்கும் அங்கத்தினர்கள் இங்கே ஒன்று கேட்பார்கள்: நமது ஆட்டின் மயிர் இதற்கு உதவுமா? திருவள்ளூர், செங்கற்பட்டுப் பக்கங்களில் நாம் வளர்க்கும் சென்னைச் சிவப்பு இனத்துச் செம்மறிக்கு உள்ளது கம்பளியன்று, குட்டையான மயிர். அது இறைச்சிக்கு ஏற்ற இனம். கோயம்புத்தூர் இனத்து ஆட்டுக்குக் கம்பளி உண்டு. அது முரடானது, விரிப்புக்கும் போர்வைக்கும் ஆகும். தமிழ்நாட்டில் மெல்லிய கம்பளி தரும் ஆட்டினம் நீலகிரி ஆடுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உள்ளூர் ஆட்டோடு மெரினோ முதலிய வெளிநாட்டினங்கள் கலந்து அது உருவாயிற்று. உதகமண்டலத்தை அடுத்த சாண்டிநல்லாவில் உள்ள ஆட்டு ஆராய்ச்சி நிலையம் அவ்வினத்தைப் பேணிவருகிறது. கொடைக்கானல் மலையின் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிறுவனம் தன் தென்மண்டல மையத்தை 1965 ஆம் ஆண்டில் அமைத்து, பாரத் மெரினோ என்னும் இனத்தை வளர்த்துவருகிறது. ஆயினும் மலையிற் கிடைக்கும் இந்தக் கம்பளி அளவிற் சிறியது. கடையில் நாம் காணும் மெரினோ உடைகளுக்குரிய நூல் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் ஆடுகளிலிருந்தே வருகிறது; அதனால்தான் விலையும் மிகுதியாக இருக்கிறது.

விலை தாங்காதவர்கள் என் செய்வது? அவர்களுக்கு இரண்டாவது வழி பாலியஸ்டர், பாலிபுரொப்பிலின் முதலிய செயற்கை இழைகள். இவை பெட்ரோலியத்திலிருந்து பிறப்பவை. நமது மணலியில் 1969 ஆம் ஆண்டு முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் இயங்குவதை அறிவோம். அத்தகைய ஆலைகளிற் பிரித்தெடுக்கும் பொருள்களே இவ்விழைகளுக்கு மூலம். பாலியஸ்டர் இழை ஈரத்தைக் குடிப்பதில்லை. இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய சந்துகளின் வழியாக, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, வேர்வை தோலிலிருந்து துணியின் வெளிப்பக்கத்துக்கு ஏறி, அங்கே பரந்து விரைவாக உலர்கிறது. திரிபோல இழுக்கும் இக்குணம் எல்லாப் பாலியஸ்டர்த் துணிக்கும் இல்லை. சட்டைத் துணிபோல நெருங்க நெய்த பாலியஸ்டர் வேர்வையைத் தோலிலேயே தேக்கிவிடும் என்பதைச் சித்திரை மாதத்தில் பேருந்தில் போனவர் எவரும் அறிவர். விளையாட்டுக்கென்று நுண்ணிழைகளாற் பின்னிய துணியையே தேடி எடுக்க வேண்டும். இதன் குறை ஒன்றே: இரண்டு நாள் அணிந்தால் நாற்றம் பொறுக்க முடியாது. கம்பளி அவ்வாறு நாறுவதில்லை. தினந்தோறும் துவைக்க வசதியுள்ள முகாமில் பாலியஸ்டர் நன்று. நாலைந்து நாள் துவைக்க வழியில்லாத மலைப்பாதையில் கம்பளியே நன்று.

பட்டைப் பற்றியும் ஒரு சொல். மெல்லிய பட்டு உள்ளாடை எடையற்றது, உடம்புக்கு இதமானது. 1924 ஜூன் மாதத்தில் எவரெஸ்ட் மலையில் மறைந்த ஜார்ஜ் மல்லோரி என்பவரின் உடல் 1999 ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டது. அவர் பருத்தி, பட்டு, ஃபிளானல், கம்பளி ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, எல்லாவற்றுக்கும் வெளியே காற்றுப் புகாத காபர்டின் துணியை உடுத்தியிருந்தார். அவ்வுடைகளைப் போலவே மறுபடியும் செய்து 2006 ஆம் ஆண்டில் அணிந்து சோதித்துப் பார்த்தார்கள். பட்டு அடுக்குகள் மற்ற ஆடைகளின்மேல் வழுக்கி, கைகால் அசைவுக்கு இடங்கொடுத்தன என்று கண்டார்கள். ஆனால் பட்டு நனைந்தால் வலிமை குறையும். வேர்வையின் உப்பும் அதற்கு ஆகாது. குளிரில் மெதுவாக நடப்பவருக்குப் பட்டு போதும். ஓடுகிறவருக்குப் பரிந்துரைக்க மாட்டோம்.

நூலின் சாதியை மட்டும் பார்த்தால் போதாது. துணி எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். இதற்கு ஓர் அழகான சான்று மீன்வலையிலிருந்து கிடைக்கிறது. 1933 ஆம் ஆண்டில் நார்வே நாட்டு இராணுவ அதிகாரி ஹென்ரிக் புரூன் என்பவர் பழைய மீன்வலைகளைக் கொண்டு ஓர் உள்ளாடை தைத்தார். கண்ணுக்குக் கேலியாகத் தோன்றும் உடை! காசிமேட்டில் ஒருவர் வலையைச் சட்டையாக மாட்டிக்கொண்டு வந்தால் நாம் சிரிக்கத்தான் சிரிப்போம். ஆனால் அந்த வலையின் ஒவ்வொரு கண்ணிலும் காற்று நிற்கிறது; மேலே ஒரு சட்டை போட்டு மூடிவிட்டால், அந்தக் காற்று உஷ்ணத்தைக் காக்கிறது. உடம்பு சூடேறினால் கழுத்துப் பித்தானைத் திறந்தாற் போதும், சூடான ஈரக்காற்று வெளியேறிவிடுகிறது. துணி தோலைத் தொடும் இடம் மிகக் குறைவாதலால், பருத்திக் கயிற்றிலே பின்னினாலும் கெடுதி அதிகமில்லை. பருத்தி வலைப் பனியன்கள் பின்னர் இராணுவங்களிலும் வழங்கின. இப்பொழுது அவற்றைக் கம்பளியிலும் பாலிபுரொப்பிலினிலும் பின்னுகிறார்கள். பருத்தியைக் குற்றம் சொல்லி வந்த நாம், பருத்திக்கும் ஓர் உபாயம் உண்டு என்பதைக் கூறாமல் விடலாகாது அல்லவா?

நெய்த துணியைவிடப் பின்னிய துணி உள்ளாடைக்கு ஏற்றது என்பதற்கும் இதுவே காரணம். பாவும் ஊடையும் நேராக ஓடும் துணி உடம்போடு நீண்டு சுருங்காது. கண்ணி கண்ணியாகப் பின்னிய துணி இழுத்தால் நீளும், விட்டாற் சுருங்கும். கண்ணிகளுக்குள் காற்றும் தங்கும். காலடிப்பேட்டை நெசவாளருக்காகவே ஏற்பட்ட ஊர். 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த ஜோசப் காலெட்டின் பெயரே அவ்வாறு மருவி நிற்கிறது. அங்கே தறியில் இறங்கிய துணி நமது வெயிலுக்கு ஏற்றது. குளிருக்கேற்ற உள்ளாடைக்குத் திருப்பூரையும் லூதியானாவையும் போன்ற பின்னலாடை ஊர்களையே நோக்க வேண்டும்.

கடைக்குப் போனவர் என்ன பார்க்க வேண்டும்? பெட்டியின்மேல் அச்சடித்த பெரிய எழுத்தை விட்டுவிட்டு, உடையின் உட்புறம் தைத்திருக்கும் சிறு சீட்டைப் படிக்க வேண்டும். எந்த இழை நூற்றுக்கு எத்தனை பங்கு என்று அதிலே இருக்கும். 'தெர்மல்' என்ற பெயரோடு நமது கடைகளில் விற்பவற்றிற் பல பருத்தியும் பாலியஸ்டரும் கலந்தவை. அவற்றை இகழ வேண்டியதில்லை. இரவில் உறங்குவதற்கும், ரயிலிற் பிரயாணம் செய்வதற்கும், வேர்க்காமல் உட்கார்ந்திருப்பதற்கும் அவை போதும், விலையும் மலிவு. ஓடுவதற்கும் ஏறுவதற்கும் உதவா. ஒரே உடையை இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்ற சிக்கனந்தான் பிள்ளைகளுக்குச் சளியையும் அதனினும் பெரிய துன்பத்தையும் வாங்கிக் கொடுக்கிறது.

சீட்டில் ஐயம் எழுந்தால், நமக்குத் தெரிந்த பழைய சோதனை இருக்கவே இருக்கிறது. தையலின் உட்புறத்திலிருந்து ஓர் இழையை உருவி நெருப்பிற் காட்டலாம். வாங்கிய பிறகுதான், கடைக்குள் அன்று! பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு விரைவாக எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளியும் பட்டும் மயிர் கருகும் நாற்றத்தோடு மெதுவாக எரியும். கரியைத் தொட்டால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சொட்டி, ஆறியபின் கடினமான மணியாக நிற்கும். 'முழுக் கம்பளி' என்று சொல்லி விற்ற இழை உருகி மணியாகுமானால், விற்றவரிடம் திருப்பிக் கொடுக்க நியாயம் உண்டு.

கனத்தைப் பொறுத்தவரையில், ஒரு சதுர மீட்டருக்கு 150 கிராம் அளவுள்ளது மெல்லியது. 200 கிராம் நடுத்தரம். 250 கிராமும் மேலும் தடித்தது. ஓடுகிறவருக்கு மெல்லியதே போதும், பாட்டியாலாவின் ஜனவரியிலும்கூட. மெதுவாக நடந்து, அடிக்கடி நின்று, பனிமலைமேல் கூடாரத்தில் தங்குகிறவருக்கு நடுத்தரம் வேண்டும். தடித்ததை வாங்குவதினும், மெல்லியது இரண்டு வாங்கி ஒன்றை மாற்றுக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

உடை உடம்போடு படிந்திருக்க வேண்டும்; ஆனால் இறுக்கலாகாது. தளர்ந்து தொங்கினால் வேர்வையை இழுக்காது. இறுக்கிப் பிடித்தால் காற்று நிற்க இடமிருக்காது, இரத்த ஓட்டமும் தடைப்படும். வளர்கிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கும் நமது வழக்கம் இதற்கு மட்டும் பொருந்தாது. கையைத் தூக்கினால் இடுப்பு வெளியே தெரியாத அளவுக்கு நீளம் வேண்டும். தோளிலும் அக்குளிலும் தையல் தட்டையாக இருக்கவேண்டும். புடைத்த தையல், தோள்பையின் வார் அழுத்தும்போது தோலை உரித்துவிடும். கழுத்தில் சிறு ஜிப் வைத்ததாக இருந்தால் மிகவும் சௌகரியம்.

வாங்கியதைச் சரியாக உபயோகிப்பதிலும் சூட்சுமம் உண்டு. ஓடத் தொடங்கும்போது சற்றுக் குளிர்வதுபோல் இருக்கவேண்டும். வீட்டு வாசலிலேயே வெதுவெதுப்பாக இருக்கும்படி உடுத்தியவன் ஒரு கிலோமீட்டருக்குள் வேர்த்து நனைந்துவிடுவான். உள்ளாடைக்கு மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய சட்டை ஒன்று போதும். கால்களுக்குப் பெரும்பாலும் ஓர் அடுக்கே போதும். காதும் விரல்களும் மட்டும் முதலிலேயே மூடியிருக்கட்டும். பயிற்சி முடிந்ததும், மற்ற வேலைகள் எல்லாவற்றுக்கும் முன்னால் நனைந்த உள்ளாடையைக் கழற்றி உலர்ந்ததை அணிய வேண்டும். எவ்வளவு உயர்ந்த கம்பளியாயினும் இந்த விதிக்கு விலக்கில்லை. வேறு வழியே இல்லாமல் பருத்திப் பனியனோடு போயிருக்கிற ஏழைப் பிள்ளைக்கும் இந்த ஒரு பழக்கம் பெரும்பாலான அபாயத்தைத் தடுத்துவிடும். உடம்பு நடுங்கத் தொடங்கி, பேச்சுக் குளறி, கைவிரல்கள் பித்தான் போட மறுத்தால், அது சாதாரணக் குளிரன்று என்று உணர்ந்து, ஈரத்தைக் களைந்து, கம்பளியிற் போர்த்தி, காற்றில்லாத இடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வைத்தியரையும் உடனே அழைக்கவேண்டும்.

வடக்கே போகாமலே இத்தகைய குளிரை அறிந்தவர்கள் நம்மிடையே உண்டு. உறைந்த மீனைச் சேமிக்கும் கிடங்குகளில் வெப்பநிலையைப் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியிலோ அதற்கும் குறைவாகவோ வைத்திருப்பார்கள். அங்கே பெட்டி தூக்குகிறவர் வெளியே 33 டிகிரி வெயிலில் வேர்த்துவிட்டு, அதே நனைந்த பனியனோடு உள்ளே நுழைகிறார். மேலே கொடுக்கப்படும் கனத்த அங்கி உள்ளே இருக்கும் ஈரத்தை ஒன்றும் செய்யாது. மலையேறுகிறவனுக்குச் சொன்னது அத்தனையும் இவருக்கும் பொருந்தும்: மெல்லிய கம்பளியோ விளையாட்டுப் பாலியஸ்டரோ உள்ளே; வாசலில் ஓர் உலர்ந்த மாற்று. கிடங்கு நடத்துவோர் அங்கியோடு உள்ளாடையையும் சேர்த்துக் கொடுத்தால் செலவு பெரிதாகாது.

நமது கடற்கரையிலேயே விடியலில் ஓடுகிறவர்களுக்கு இவையொன்றும் வேண்டா. அவர்களுக்குப் பருத்திப் பனியனே போதும்; அது நமது வெயிலின் உடை, நமது நூலின் உடை. மார்கழியில் வாடைக்காற்று வீசும் நாளில் ஓடி முடித்தவுடன் அதை மாற்றிக்கொண்டாற் சரி.

துவைப்பதைப் பற்றிச் சில வார்த்தைகள். கம்பளி இழையின்மேல் மீன் செதில்போல நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரில் போட்டுக் கல்லில் அடித்தால், அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, பெரியவருடைய பனியன் குழந்தைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கிவிடும். தண்ணீரில் மென்மையான சோப்புக் கரைத்து, கையால் அமுக்கிப் பிழிந்து, நிழலில் பரப்பி உலர்த்த வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டுபோகும். பாலியஸ்டரை எவ்வாறும் துவைக்கலாம். துணியை மிருதுவாக்கும் திரவங்களை மட்டும் சேர்க்கலாகாது, அவை இழைச் சந்துகளை அடைத்துவிடும். முகாமிலிருந்து திரும்பியதும் கம்பளி உடையைத் துவைத்து நன்றாக உலர்த்திய பின்னரே பெட்டியில் வைக்கவேண்டும். வேர்வை படிந்த கம்பளியைத்தான் அந்துப்பூச்சி முதலில் தேடி வரும்.